சீட்டுக்கடியில் ஒரு மஞ்சள் வயர்

பட்டறையில் டமாரம் என்று பெயர் வாங்கிய தம்பி, எல்லோரும் முடியாது என்று சொன்ன பிறகு சாதித்தவை இவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, வாரம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்தார். தாங்கினான். எழுத்து ஏறாத தலை என்று நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். ஊரில் பாதிக் கார்கள் அவன் கை பட்டு அதிரும்படி வளர்ந்தான். படிக்காதவனுக்குப் பெண் கிடையாது என்று மூன்று வீடுகளில் சொன்னார்கள். நான்காவது வீட்டில் பெண்ணே வெளியே வந்து, "எனக்கு இவர் போதும்" என்றாள். கார் ஒலிப் போட்டிக்கு வந்த வண்டிகளில் அவன் வயர் இழுத்த வண்டிதான் முதலில் வந்தது. கோப்பையில் அவன் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்கள். அதில் எது தன் பெயர், எது போட்டியின் பெயர் என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அவனுக்குச் சோம்பல் என்று சொன்னவர்கள் உண்டு. அது பொய். அவன் கண்ணில் எழுத்துகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான். பாங்கிலும் கல்யாணப் பதிவிலும் கட்டை விரலை நீட்டியே காலம் தள்ளினான். நிறங்கள் மட்டும் அவனை ஏமாற்றியதே இல்லை.

அவன் தொழிலும் நிறங்களின் தொழில்தான். காரோடு வரும் கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்ற மனமில்லாதவர்கள், ஆனால் அதன் சத்தம் போதாதவர்கள், அவனைத் தேடி வருவார்கள். பின்கதவு ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களில் பாட்டைப் பிரித்தெடுத்து, ஒரு சின்னப் பெட்டி வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பான். அங்கிருந்து, டிக்கியில் கனத்த சத்தத்தை இடிக்கும் இரண்டு சப்வூஃபர்களுக்கு. பாட்டரியிலிருந்து தடித்த சிவப்புக் கேபிள், நடுவில் ஃப்யூஸ். எர்த்து வயரை வண்டியின் உடம்போடு பிடிக்க, பெயின்ட்டைத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுவான். "எர்த்து சரியில்லன்னா எஞ்சினோட சேர்ந்து ஸ்பீக்கர்ல கொசு பாடும்" என்பான். அவன் செய்த வண்டி எதிலும் கொசு பாடியதில்லை.

கடைசியில் ஆம்ப்ளிஃபயரை எழுப்பிவிட ஒரு வயர் வேண்டும். சாவி போட்டால் கரண்ட் வர வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க விழித்திருந்து பாட்டரியைக் குடித்துவிடும். அந்த வயரைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் மீட்டர் வைப்பார்கள். மீட்டரில் எண்ணும் புள்ளியும் எழுத்தும் ஓடும். டமாரம் தொடமாட்டான். ஊசி முனையில் குட்டி பல்பு வைத்த டெஸ்ட் லாம்புதான் அவனுக்கு. எரிந்தால் உண்டு, எரியாவிட்டால் இல்லை. இருபது வருடமாக அந்த லாம்பு அவனைக் கைவிட்டதில்லை.

அக்கா அடுத்த கடையில் கார் சீட் உறை தைத்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நடுவில் இருந்த தகரத் தட்டி பாதி உயரம்தான். வயரிலோ பெட்டியிலோ ஏதாவது அச்சடித்திருந்தால் தட்டிக்கு மேலே கை வரும். "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?" அவள் மெஷினை நிறுத்தி வாசித்துச் சொல்வாள். ஒரு நாளைக்கு நாலைந்து முறை நடக்கும். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

சங்கடப்பட்டவர் முதலாளி. கெட்டவர் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டாவது பட்டறை திறக்க இடம் பார்த்து வைத்திருந்தார்.

"அங்க நீதான்டா பங்காளி. பாதி உனக்கு. ஆனா ரெண்டு விஷயம். பத்திரத்துல கையெழுத்துப் போடணும், கட்டை விரலை நீட்டாத. அப்புறம், கஸ்டமர் முன்னாடி சும்மா சும்மா அக்காவைக் கூப்பிடாத. முதலாளிக்கே படிக்கத் தெரியாதான்னு சிரிப்பாங்க."

"கூப்பிடலண்ணே" என்றான் தம்பி.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்தான். பின்பக்கம் அவன் பெயரை உள்ளங்கை அகலத்துக்கு எழுதித் தரச் சொன்னான். அதன்மேல் செம்புக் கம்பியை வளைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் செய்து, ஈயம் பற்றவைத்து ஒட்டினான். காகிதத்தில் நிற்காத எழுத்து கம்பியில் நின்றது. சாப்பிடும்போது இடது கை அதன்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

"ஒரு காருக்கே வயர் இழுத்து முடிச்சிடுவாரு, இங்க ஒரு சுழி முடியல" என்று அவன் மனைவி கேலி செய்வாள்.

"சுழியில லூஸ் கனெக்‌ஷன்" என்பான் அவன்.

மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. பிறகு பென்சில். பிறகு பேனா. பெயர் கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கோணல். அக்கா அதைப் பார்த்து, கையெழுத்து என்றால் அதுதானே என்று நினைத்துக்கொண்டாள். அதை எங்கேயும் போட்டுப் பாழாக்காதே என்று சொல்லி வைத்தாள். பத்திரத்தில்தான் முதல் கையெழுத்து.

பத்திரத்துக்கு நாள் குறித்த வாரத்தில் பல் டாக்டரம்மா தன் புதுக் காரைக் கொண்டுவந்தார்.

"டேஷ்போர்டைக் கழட்டக் கூடாது. ஸ்டீரியோவும் இதேதான் இருக்கணும். ஆனா பாட்டு நெஞ்சுல வந்து இடிக்கணும். நாள் முழுக்க டிரில் சத்தம் கேக்குற காது இது."

"எங்க டமாரம் அதிர விட்ருவான் டாக்டரம்மா. பல்லே ஆடிடும் பாருங்க" என்றார் முதலாளி.

"ஆடட்டும், எனக்குத்தான் வருமானம்."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் அக்காவும் சிரித்தாள்.

காலையிலேயே சப்வூஃபர் பெட்டி டிக்கியில் உட்கார்ந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் முன்சீட்டுக்கு அடியில். பாட்டு வயர், பாட்டரி கேபிள், எர்த்து எல்லாம் முடிந்தது. எழுப்பிவிடும் வயர்தான் பாக்கி. எப்போதும் அதை ஸ்டீரியோவின் முதுகிலிருந்து எடுப்பான். இந்த முறை டேஷ்போர்டைத் தொடக் கூடாது. சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தான். மஞ்சள் உறைக்குள் ஒரு வயர் ஓடியது. ஸ்டீரியோ வயர்களில் மஞ்சள் என்றால் பாட்டரி கரண்ட் என்பது அவன் வாழ்நாள் பாடம். இது சாவியோடு வந்து போகிற கரண்டாகவும் இருக்கலாம் என்று நினைத்தான்.

அந்த உறையில் ஓர் அட்டை தொங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் நிறைய எழுத்து. கை பழக்கத்தில் தட்டிப் பக்கம் போனது. டாக்டரம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். தம்பி கையை இழுத்துக்கொண்டான். அட்டையைத் தானே பார்த்தான். அதில் தன் பெயரின் முதல் எழுத்து இருந்தது. மறுபடி தேடினான், இன்னோர் இடத்திலும் இருந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று பின்னால் அக்காவிடம் சொன்னான். பிறகு அட்டையை ஒதுக்கிவிட்டு, சாவியைத் திருப்பி, டெஸ்ட் லாம்பின் ஊசியை மஞ்சள் வயரில் குத்தினான்.

அது சீட்டின் பக்கவாட்டில் இருந்த காற்றுப்பைக்குப் போகும் வயர். மீட்டர் வைத்திருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. பல்பின் வழியாகப் போன கரண்ட் பையை வெடிக்க வைக்கப் போதுமானதாக இருந்தது. பை சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் வலது காதில் அறைந்தது. அக்கா தைத்துக்கொண்டிருந்த உறையில் ஊசி முறிந்தது. அவள் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியபோது, வெள்ளைப் புழுதிக்கு நடுவில் அவன் தரையில் உட்கார்ந்து, லாம்பை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரிஞ்சுதாக்கா?" என்று கேட்டான். அவள் சொன்ன பதில் அவனுக்குக் கேட்கவில்லை.

சவ்வு ஒட்டிக்கொள்ளும், உள்ளே நரம்பு போய்விட்டது என்றார் காது டாக்டர். வலது காது இனி இல்லை. ஒரு காதால் சத்தம் கேட்கும். அது இடமா வலமா என்று தெரியாது. ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கார் கம்பெனிக்காரர்கள் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் எழுதியிருந்தது ஒரே விஷயம்: இந்த வயரில் எதையும் இணைக்காதே, சோதிக்காதே. டாக்டரம்மா சண்டை போடவில்லை. காது எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். சண்டை போட்டது இன்சூரன்ஸ். படிக்கத் தெரியாத ஆளைப் புது வண்டியில் கை வைக்கவிட்ட பட்டறையின் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி எழுதுவோம் என்றார்கள்.

முதலாளி வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் கொஞ்சம் நின்றார். பையில் ஒரு தாளும் மைப்பெட்டியும் இருந்தன.

"நான் என்னம்மா பண்ணட்டும்? பட்டறை போச்சுன்னா இன்னும் அஞ்சு குடும்பம் தெருவுல நிக்கும்" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா தாளை வாங்கி, தம்பியின் இடது பக்கம் உட்கார்ந்து, சத்தமாக வாசித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. தாளின்படி, அவன் போன மாதமே பட்டறையை விட்டு விலகிவிட்டான். அந்தக் காரை யார் அனுமதியும் இல்லாமல் தானாகத் தொட்டான். பட்டறைக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"இதெல்லாம் பொய் அண்ணே" என்றாள்.

"பொய்தான்மா." முதலாளி தரையைப் பார்த்தார்.

"புதுப் பட்டறை?" என்று தம்பி கேட்டான். சத்தம் தேவைக்கு மேல் வந்தது. தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியவில்லை.

"இடத்தை விட்டுட்டேன்டா. அட்வான்ஸ் எல்லாம் டாக்டரம்மா கார் சீட்டை மாத்தவே போயிடுச்சு."

முதலாளி மைப்பெட்டியைத் திறந்து முன்னால் நகர்த்தினார். தம்பி அதை மூடித் திருப்பி நகர்த்தினான்.

"பேனா குடுங்க."

"வேணாம்டா" என்றாள் அக்கா. "இதுக்கு ரேகை போதும். அதை வேற ஒண்ணுக்கு வச்சுக்க."

"வேற என்ன பேப்பர்க்கா வரப் போகுது?"

முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அடுப்படி வாசலில் நின்ற அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அவன் தாளை மடியில் ஒரு பலகைமேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். சுழியில் தடுக்கவில்லை. அதே கோணல், ஒரு எழுத்தும் குறையவில்லை. அக்கா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தேதி எழுதும் இடத்தை முதலாளி விரலால் காட்டினார். அது அவனுக்குத் தெரியாது. பேனாவை அக்காவிடம் கொடுத்தான். அவள் அன்றைய தேதியை எழுதினாள்: 2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை.