தட்டில் வராத முகங்கள்

நான் கோபக்காரன். பூசி மெழுகி எழுதவும் தெரியாது. ஜெர்மன் பேசும் ஊரான ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்குக் காலை வேலை. கத்திக்கொண்டு ஆரம்பித்த ஒரு திங்கட்கிழமைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அதை எழுதாமல் விட்டால் எனக்கு மரியாதை இல்லை.

எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டிலும் ஓர் அட்டை நிற்கும். அதில் அந்த முதியவரின் பெயர், படம், என்ன சாப்பிடலாம் என்ற குறிப்பு. எல்லோருடைய விபரமும் கணினியில் இருக்கிறது. காலையில் வந்ததும் அட்டைகளை அச்சிடுவது என் வேலை.

படம் அலங்காரத்துக்கு இல்லை. இரண்டாம் மாடியில் ஓர் அம்மா இருந்தார். மறதி நோய். யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆமாம் என்று “யா, யா” என்பார். எந்த மேசையிலும் போய் உட்காருவார். பாண் கொடுத்தால் தொண்டை அடைத்துவிடும், மசித்த சாப்பாடுதான் கொடுக்கலாம். அந்தத் திங்கட்கிழமை அந்த மாடியில் பரிமாறப் புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்திருந்தாள். அவளுக்கு ஒருவரின் முகமும் தெரியாது.

அன்றைக்கென்று அட்டைகளில் படம் வரவில்லை. திரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒருவரும் இல்லை, வெறும் வெள்ளைக் கட்டம். பிரிண்டரை நிறுத்திப் போட்டேன். மையைப் பார்த்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சூப் படம் போட்ட மெனுத் தாளை அச்சிட்டுப் பார்த்தேன். சூப் பளிச்சென்று வந்தது. சூப்புக்கு இருக்கிற மரியாதை மனிதருக்கு இல்லை.

ஓர்லிகோனில் இருக்கும் கணினி உதவிக்குப் போன் எடுத்தேன். என் உடைந்த ஜெர்மனில் கத்தியதைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஓர் இளம் பெண்குரல் சொன்னது:

“அங்கிள், நீங்கள் தமிழோ? தமிழிலயே ஏசுங்கோ, எனக்கு விளங்கும்.”

“நான் உனக்கு அங்கிளோ?”

“சரி, அண்ணை. அட்டை அச்சிடுற ரிப்போர்ட்டை டிசைன்ல திறவுங்கோ. படம் வாற பெட்டியைத் தொடுங்கோ. ‘எப்ப காட்டுறது’ எண்டு ஒரு வரி இருக்கும், அதில என்ன கிடக்கு?”

“‘திரையில் மட்டும்’ எண்டு கிடக்கு.”

“அதுதான் பிழை. ‘எப்பவும்’ எண்டு மாத்துங்கோ. ஆனா அண்ணை, அது தானா மாறாது. ஆரோ மாத்தியிருக்கினம்.”

“எந்த விசரன்ர வேலை இது?” என்று கத்தினேன்.

“விசரன் இல்லைத் தம்பி, விசரி. நான்தான்.”

கஞ்சிப் பானையடியில் நின்ற, என்னோடு வேலை செய்யும் அக்கா சொன்னார். சனி ஞாயிறுகளில் அட்டை அச்சிடுவது அவர்தான்.

சனிக்கிழமை இரவு முதலாம் மாடியில் ஒரு கிழவர் செத்துப்போனார். சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கணினியிலிருந்து பெயரை எடுக்க அலுவலகத்தால்தான் முடியும். ஞாயிறு அலுவலகம் பூட்டு. அதனால் ஞாயிறு காலையும் அவருடைய அட்டை சிரித்த முகத்தோடு வந்திருக்கிறது.

“படத்துக்கு முன்னால சாப்பாடு வைச்சா அது படையல் எல்லோ? மனிசனை இன்னும் கொண்டுபோகேல்லை. அதுக்குள்ள நான் பாணும் ஜாமும் படைக்கிறதோ? திங்களும் வரக்கூடாதெண்டு அவற்ற படத்தைத் திறந்து மாத்தினன். அவருக்கு மட்டும் எண்டுதான் நினைச்சன்.”

பெட்டி எல்லோருக்கும் ஒன்று என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏச வாய் திறந்தேன். பிறகு ஏசாமல் அந்த வரியை ‘எப்பவும்’ என்று மாற்றினேன். அந்த மனிதரை நினைக்க உலகத்தில் ஒருத்தியாவது இருந்திருக்கிறாள்.

போனில் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஒருத்தர் செத்தா நீங்களே கணினியில பேருக்கு நேரே ஒரு புள்ளடி போடுற மாதிரிச் செய்து தாறன், அண்ணை. ஞாயிறெண்டாலும் அட்டை வராது,” என்றாள். மதியத்துக்குள் செய்தும் தந்தாள். நான் ஏசிய ஏச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் போனை வெட்டியிருப்பார்கள்.

அதற்கு முதலே, காலைச் சாப்பாட்டுக்கு அட்டைகளை மறுபடி அச்சிட்டோம். முகங்கள் வந்தன. நானே இரண்டாம் மாடிக்குக் கொண்டு ஓடினேன். புதியவள் படத்தைப் பார்த்து, வேறு மேசையில் இருந்த அந்த அம்மாவைக் கண்டுபிடித்து, மசித்ததை வைத்தாள். அம்மா அட்டையை எடுத்துப் பார்த்து, “யார் இந்தக் கிழவி?” என்று கேட்டுவிட்டு முழுவதையும் சாப்பிட்டார்.

கீழே வந்தபோது, செத்தவரின் அட்டையும் வந்திருந்தது. அக்கா அதைக் கிழிக்கவில்லை. யன்னலோரம் நிறுத்தி, முன்னால் ஒரு பால்கோப்பி வைத்திருந்தார். அந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் சீனி கேட்டுத் தினமும் எங்களோடு சண்டை பிடிப்பார்.

“இனிச் சீனி போடலாம்தானே, தம்பி?”

நான்தான் போட்டேன், தாராளமாக.