நான் மாற்றிய மோட்டார்

என் கணவருக்கு அந்தச் சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிடத் தெரியும். நன்றாகவே தெரியும், அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் கட்டைவிரல்களால் லேசாகத் தொட்டுக்கொண்டு, காற்றடிக்கும்போதுகூட அதைத் தலை உயரத்தில் அசையாமல் நிறுத்திவைப்பார். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் எதையும் அவர் தொட்டதில்லை. தொட்டவள் நான். இதை எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு வேலை ஜோகூர் பாருவுக்குப் பக்கத்தில் செனாயில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். மெஷின் சரியாக ஒட்டாமல் விட்ட சர்க்யூட் போர்டுகள் என் மேசைக்கு வரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுக் கையால் மறுபடி சோல்டர் செய்து அனுப்புவேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதுதான் என் வேலை. அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இருக்கிறார். விடியுமுன் காஸ்வே என்ற எல்லைப் பாலத்தைத் தாண்டுகிறவர், இருட்டிய பிறகுதான் தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்புவார். கூட வேலை செய்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அந்த ஹெலிகாப்டரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கை நீளம்தான் இருக்கும். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் திடல்தான். அங்கே இவரைப் போல நாலைந்து பேர் கூடுவார்கள். நானும் போவேன், மர நிழலில் நாற்காலி போட்டு உட்காருவேன்.

அதில் இருந்தது பழைய மாதிரி மோட்டார். உள்ளே கார்பன் துண்டு இரண்டு உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அது தேய்ந்து, சூடேறி, ஹெலிகாப்டர் முழங்கால் உயரத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்று முனகும். அப்போதெல்லாம் அதே மாதிரி மோட்டார் ஒன்றை வாங்கி மாற்றிக் கொடுப்பேன். மூன்றாவதோ நாலாவதோ முறை, "பிரஷ்லெஸ் போட்டுட்டா என்ன?" என்று நான்தான் கேட்டேன். அதில் உரசுகிற துண்டே கிடையாது. பலமும் அதிகம், ஆயுளும் அதிகம். அவருக்குக் கண் விரிந்தது.

ஜோகூர் பாருவில் இந்தச் சாமான்கள் விற்கும் கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கடைக்காரர் ஒரு சீனர். நான் மலாயில் கேட்டேன்: பெரிய மோட்டாரை மாற்றினால் வாலில் இருக்கும் குட்டி மோட்டார் தாங்குமா, அதையும் மாற்ற வேண்டாமா?

இது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மேலே விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வால் விசிறியின் வேலை. மேலே பலத்தைக் கூட்டினால் வாலிலும் கூட்டத்தானே வேண்டும்?

கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னதோ என் கணவரின் முகத்தைப் பார்த்து. "பெரியது மட்டும் போதும், பாஸ். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்." நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அவருக்கே பதில். என் கணவர் திரும்பி, "அவர் தினம் விக்கிறவரு லா, அவருக்குத் தெரியாதா?" என்றார்.

பெரிய மோட்டாரும் அதற்கான ஸ்பீட் கண்ட்ரோலரும் மட்டும் வாங்கி வந்தோம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சோல்டர் முனையைத் துடைக்க ஈரத்துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய கம்பிகளை எடுத்தேன், புதியதை வைத்தேன். மோட்டாரின் குட்டிப் பல்சக்கரம் பெரிய சக்கரத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, இடைவெளி பார்த்து இறுக்கினேன். ரொம்ப நெருங்கினால் பல் தேயும், ரொம்ப விலகினால் பல் வழுக்கும். அவர் எதிரே உட்கார்ந்து மீகூன் சாப்பிட்டுக்கொண்டு, "முடிஞ்சிதா, முடிஞ்சிதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் அது சர்ரென்று ஏறியது. எல்லாரும் ஓ என்றார்கள். ஆள் உயரம் தாண்டியதும் உடம்பு சுழல ஆரம்பித்தது. அவர் குச்சியை எந்தப் பக்கம் தள்ளியும் நிற்கவில்லை. பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே வந்து புல்லில் விழுந்தது. வால் குழாய் இரண்டாக ஒடிந்துவிட்டது.

அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர்களிடம் சொன்னார். நான் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுக்காரிதான் சோல்டர் பண்ணா. எங்கியோ சரியா ஒட்டல போலருக்கு."

ஒருவர் சிரித்தார். "அலமாக்! ஐயோ, அவங்க கையில போய்க் குடுத்தீங்களா?"

பிழைப்புக்கே சோல்டர் செய்கிறவள் நான். என் கையால் ஒட்டின போர்டுகள் எந்தெந்த நாட்டுக்கோ போகின்றன. அந்தக் கையைத்தான் புல்தரையில் நாலு பேருக்கு நடுவில் வைத்துக் கேலி செய்தார்கள். எழுந்து போய் ஏதாவது கேட்டிருக்கலாம். நாற்காலியை மடக்கிக் கொண்டுபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் அவருக்குக் காட்டினேன். எல்லாம் பளபளவென்று உறுதியாக இருந்தன. "வால்தான் தாங்கல. கடையிலயே கேட்டேன்ல?" என்றேன். "சரி சரி, விடு" என்றார். மன்னிப்பு இல்லை. 'நீ சொன்னது சரி' என்ற ஒரு வார்த்தை இல்லை. குளிக்கப் போய்விட்டார்.

வாலுக்கான பிரஷ்லெஸ் மோட்டாரை நானே ஆன்லைனில் தேடி வரவழைத்தேன். புதுக் குழாய் போட்டு, முடியைப் போன்ற மூன்று கம்பிகளை அதன் நெடுக ஓட்டினேன். முதலில் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மூன்றில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. வால் கொஞ்சம் கனமாகியிருந்ததால், ஹெலிகாப்டரை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தேன். பின்பக்கம் சாய்ந்தது. பேட்டரியை முன்னால் தள்ளி வைத்தேன். இத்தனையும் வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டுச் செய்தது.

அடுத்த ஞாயிறு அது பறந்ததைச் சொல்லத்தான் வேண்டும். கையிலிருந்து விட்ட பலூன் மாதிரி நேராக மேலே போய், நிறுத்தின இடத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. வால் ஒரு விரல்கூட அசையவில்லை. அவரும் அழகாக ஓட்டினார். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் உணவுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் உண்டு. என் கணவரைவிட இளையவர், எப்போதும் 'அண்ணே அண்ணே' என்பார். அவர்தான் ஓடி வந்தார். "அண்ணே, என்னண்ணே இப்படி நிக்கிது! யார் செஞ்சு குடுத்தா?"

"நான்தான்" என்றார் என் கணவர்.

ஒரு வார்த்தை. திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

காரில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். சிக்னலில் நிற்கும்போது, "என்னா, மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க?" என்றார்.

"யார் மாத்துனா அந்த மோட்டார?"

"அதுவா? சும்மா கேட்டாரு, சும்மா சொன்னேன். ஒரே வீடுதானே, யார் செஞ்சா என்னா?"

"கீழ விழுந்தப்ப மட்டும் ஒரே வீடு இல்லையா? அன்னிக்கு 'வீட்டுக்காரி' பண்ணா. இன்னிக்கு 'நான்தான்'. எப்படிங்க?"

"அத இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கியா?" என்றார், ஏதோ நான்தான் அல்பம் என்பதுபோல.

அதோடு முடியவில்லை. வீட்டில் இறங்கும்போது பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பாயுடைய ஹெலிகாப்டர், பக்கத்திலேயே புது மோட்டார்கள். "அவருக்கும் இதே மாதிரி வேணுமாம். செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரத்துக்குள்ள பண்ணிடுவல்ல?"

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? என் வேலையைத் தன் வேலை என்று சொன்னதுமில்லாமல், என்னைக் கேட்காமலே, என் பெயரையும் சொல்லாமல், என் கைவேலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "யார் செய்றேன்னு சொன்னாங்களோ அவங்களே செய்யட்டும்" என்றேன். டப்பாவை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது. திடலில் பாய் கேட்கும்போதெல்லாம், "டைம் இல்ல லா, ஓவர்டைம்" என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு சனிக்கிழமை, நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், தானே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தால் வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். கம்பியின் உறை பாதி உருகியிருந்தது. பல்சக்கரத்தை இறுக்கின இறுக்கில் கையால் சுற்றினால்கூடச் சுற்றவில்லை. வால் விசிறியோ எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "இந்த மோட்டார் சரியில்ல" என்றார். நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பொட்டலம் மைசூர்பாகோடு. மேசையில் பிரித்துப்போட்டுக் கிடந்த தன் ஹெலிகாப்டரைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்னண்ணே ஆச்சு?"

என் கணவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "பாய், அன்னிக்குப் பறந்ததே, அந்த மோட்டாரு ரெண்டும் மாத்துனது நான். இது உங்க அண்ணன் செஞ்சது."

பாய் சிரித்தார். நல்ல மனுஷர், கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தார். "அண்ணி, நல்லா ஜோக் அடிக்கிறீங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்தவர் தொலைக்காட்சி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அவளும் கூடமாட ஒத்தாச பண்ணுவா" என்றார்.

ஒத்தாசை! எலும்பு முதல் நரம்பு வரை நான் கோத்துக் கொடுத்ததற்குப் பெயர் ஒத்தாசை.

கத்தவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "பாய், உக்காருங்க. ஏங்க, நீங்களும் வாங்க. இந்த வால் மோட்டாரு எதிர்ப்பக்கமா சுத்துது. எப்படிச் சரி பண்றதுன்னு பாய்க்குச் சொல்லுங்க. நான் ஒத்தாச பண்றேன்."

அவர் எழுந்து வந்து மேசைப் பக்கத்தில் நின்றார். மூன்று கம்பிகளையும் பார்த்தார். பாயும் அவரையே பார்த்தார். வெளியே ஐஸ்கிரீம் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டது, இவர் ஒரு கம்பியையே விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "அவதான் செய்வா. எல்லாம் அவதான் செஞ்சா."

பாய்க்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்தார், மறுபடி எடுத்தார், என் பக்கம் நீட்டினார். "எங்க கத்துக்கிட்டீங்க, அண்ணி?"

"வேலையில பாய். செனாய்ல."

"அப்ப... அண்ணே, இத எப்ப..." என்று பழக்கதோஷத்தில் மறுபடியும் அவரிடமே திரும்பினார்.

"என்கிட்ட கேளுங்க" என்றேன்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "அண்ணி, செஞ்சு தர்றீங்களா?"

செய்து கொடுத்தேன். கருகின கம்பியை மாற்றி, பல்சக்கரத்தைத் தளர்த்தி, எல்லாம் சரியாக. அது இன்றைக்கும் நன்றாகப் பறக்கிறது. அன்று பாய் போன பிறகு என் கணவர் தேநீர் கலக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். தேநீரைக் குடித்தேன், மன்னிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்து, ஷூ மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். குனிந்துகொண்டுதான் சொன்னார். இருந்தாலும் சொன்னார்.

திடலில் இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? மற்றவர்கள் கேட்டால் பாய், "அண்ணன் வீட்ல செஞ்சது" என்கிறார். வீடு எப்படி சோல்டர் செய்யும் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஐயோ அண்ணி" என்று காதைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் ஒழுங்காகச் சொன்னார்.

போன மாதம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒருவர் என் எண்ணுக்கு அழைத்தார். பாய் கொடுத்தாராம். நான் ஹலோ என்றதும், "அண்ணன்கிட்ட போனக் குடுங்க, மோட்டார் விஷயமா பேசணும்" என்றார். அழைப்பை அப்படியே துண்டித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் கணவர், "பாவம், தெரியாமக் கேட்டிருப்பாரு" என்றார். தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. யார் அவருக்கு என்ன சொன்னார்களோ, இந்த முறை குரல் தயங்கியது. "அக்கா, மன்னிச்சுக்குங்க. பிரஷ்லெஸ் மோட்டாரு நீங்கதான் மாத்துவீங்கன்னு சொன்னாங்க. என்னோடது ரெண்டு நிமிஷத்துல தொட முடியாத சூடு ஆயிடுது."

"பல்சக்கரத்தக் கையால சுத்திப் பாத்தீங்களா? லேசா சுத்துதா, இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.