இசக்கியம்மாள் கொடுத்த தண்ணீர்

1. பம்படியில் மூன்று காலைகள்

தொண்ணூறுகளின் நடுவில், கைப்பம்பு போட்ட ஊர்களில் வயிற்றுப்போக்கு குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீட்டு வேலையில் இருந்தேன். ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூர் எனக்கு வந்தது. மூன்று காலைகள் பம்படியில் உட்கார்ந்து குடங்களை எண்ணினேன். வயல் மேல் பனி மெல்லக் கலையும். பம்பு ஒரே தாளத்தில் முனகும். எண்ணிக்கொண்டே தூங்குகிறேனா, தூங்கிக்கொண்டே எண்ணுகிறேனா என்று எனக்கே தெரியாது. தாளில் கோடுகள் மட்டும் நிறைந்தன.

வீடு வீடாகக் கேட்டபோதும், "குடிக்கது பம்புத் தண்ணிதான்" என்றார்கள். சுகாதார நிலைய ரிஜிஸ்டரில் மட்டும் வயிற்றுப்போக்கு குறையவே இல்லை.

"ரிஜிஸ்டர விடும் வே. எண்ணுனதும் கேட்டதும் ஒத்துப்போகுதுல்லா, திட்டம் வெற்றின்னு எழுதும்" என்றார் மேலதிகாரி. அப்படி எழுதினால் பம்பே போதும் என்று அந்த ஊர் கேட்டிருந்த குழாய்த் தண்ணீர்த் திட்டத்தின் ஃபைலை மூடிவிடுவார்கள்.

2. ஒரு செம்பு

கடைசி நாள், நல்ல வெயில். இசக்கியம்மாள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தது. அந்த மாதத்தில் இரண்டாவது தடவை வயிற்றுப்போக்கு.

"தண்ணி குடிக்கியளா சார்?" என்று செம்பை நீட்டினாள். அப்படி ஓர் இனிப்பு. கண்ணை மூடினால் ஆறே உள்ளே இறங்குவது போலிருந்தது. பம்புத் தண்ணீரை முதல் நாளே குடித்திருந்தேன். அது உப்புக் கரிக்கும்.

"இது ஆத்துத் தண்ணில்லா?"

அவள் முகம் வாடிவிட்டது. "பம்புத் தண்ணியில பருப்பு வேகாது சார். மாட்டுக்கும் துணிக்கும்தான் ஆவும். குடிக்கலன்னா பம்பக் கழத்திருவோம்னு போன தடவ வந்தவுக சொன்னாவ. எழுதிராதீய."

"எழுதலன்னா குழாய் வராதும்மா."

குழந்தையைப் பார்த்தாள். "அப்ப ரெண்டையும் எழுதுங்க. பம்பும் வேணும், குழாயும் வேணும்."

3. என் பெயரும்

அந்தத் தண்ணீரைக் குடித்த இரண்டாம் நாள் எனக்கே வயிறு போனது. அதே சுகாதார நிலைய ரிஜிஸ்டரில் நர்ஸ் என் பெயரை எழுதினார். அதைக் கேட்டு மேலதிகாரி சிரித்துவிட்டு, என் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கையோடு அவள் சொன்னதையும் அப்படியே சேர்த்திருந்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு. அத்தனை குடங்களை எண்ணினேனே தவிர, ஒரு குடத்தின் பின்னாலும் நான் நடந்து போய்ப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பம்பைக் கழற்றவில்லை. குழாய் வர இரண்டு வருஷம் ஆனது. அதன் பிறகு ஒரு தடவை போயிருந்தபோது இசக்கியம்மாள் மறுபடி செம்பை நீட்டினாள். குடித்தேன். லேசான குளோரின் மருந்து வாடை, அந்த இனிப்பு இல்லை. அவள் பையன் வாசலில் ஓடிக்கொண்டிருந்தான்.