நாஸியா விட்ட பன்னிரண்டு நோன்பு

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்குக் குச்சம் முடிகிற சித்தாராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கம்பக்கத்தில் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். ஆனால் செத்துப்போன தங்கையின் மகள் நாஸியாவைப் பற்றி எவராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்தத் தெருவில் நிற்க முடியாது. குடிகார அப்பனிடமிருந்து இரண்டு வருடம் முன்பு சண்டை போட்டு அவளை அழைத்து வந்ததும் சித்தாராதான். கணவன் ஷரீஃப் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ஒரு கெட்ட பேரு வந்துச்சின்னா அவ அப்பன் வூட்டுக்கே அனுப்பிடுவேன்." கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். சொந்தமாக இரண்டு பெண்கள் இருக்கிறார்களே.

இந்த ரம்ஜானில் பதினாறு வயது நாஸியா முதல் நாளே நோன்பு வைக்கவில்லை. மாதவிலக்கு என்றாள். அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது, சரி. ஏழு நாள் போயிற்று, எட்டு போயிற்று. "இன்னும் நிக்கல காலா," என்றாள். தாயின் அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாம் நாளும் அதையே சொன்னாள். சித்தாரா பாதி முடித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு அவளை லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ரத்தம் குறைந்திருக்கிறதா என்று டாக்டரம்மா கண் இமையை இறக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பெண் வாயைத் திறந்தால்தானே.

"தொறடி. நோன்பா வச்சிக்கினு இருக்க?" என்று சித்தாரா அதட்டினாள்.

திறந்தாள். டாக்டர் கீழுதட்டை மடக்கினார். உள்ளே தோல் வெள்ளையாக வெந்து கிடந்தது. உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற புகையிலைப் பொட்டலம், ஒரு நாளைக்கு நாலு. அதை வாயில் வைத்தால் நோன்பு நிற்காது. வைக்காவிட்டால் மதியம்வரைகூட அவளால் தாங்க முடியாது. அதற்குத்தான் விலக்கு என்ற பொய்.

சித்தாரா கையை ஓங்கிவிட்டாள். "எவன்டி பழக்குனான்?"

"அப்பாதான். அம்மா செத்தப்போ அழுதுக்கினே இருந்தேன். சத்தம் கேக்குதுன்னு அடிச்சாரு. அப்பவும் நிக்கல. அவரு வச்சிக்கிறதுல ஒண்ண எடுத்து என் வாய்ல வச்சாரு. தல சுத்திச்சி, தூங்கிட்டேன். அதுக்கப்புறம் நான் அழுததே இல்ல காலா."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பாவி, பெற்ற பிள்ளைக்குச் செய்கிற காரியமா இது? ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

இப்போதே விட்டால் புண் ஆறும், விடாவிட்டால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஆள் இருக்கிறார்கள், நாளைக்கே காட்டுங்கள் என்றார். ஆட்டோவில் நாஸியா சித்தாராவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அவருகிட்ட சொல்லாத காலா. அப்பாகிட்டயே அனுப்பிடுவாரு."

சொல்லாமல் எத்தனை நாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கஞ்சி குடித்து நோன்பு திறந்ததும் சித்தாரா ஒன்றுவிடாமல் ஷரீஃபிடம் சொல்லிவிட்டாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. கொண்டுபோய் வுடுங்க. ஆனா அவள அங்க வுட்டுட்டு நான் மட்டும் திரும்பி வரமாட்டேன்."

ஷரீஃப் கோப்பையை மறுபடி எடுத்து மீதிக் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தினி மணிக்குப் போவணும்?" என்று கேட்டார்.

மூலையில் நின்றிருந்த நாஸியா அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஷரீஃப் பதறிப்போனார். "அழாதம்மா, பக்கத்து வூட்ல கேக்கும்."

"கேட்டுட்டுப் போவட்டும்," என்றாள் சித்தாரா. "அவ அழட்டும்."