வலது பக்கத்து ஃபோல்டர்

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுக்கிற மனுஷர் வீட்டில் பெண்டாட்டியைப் போட்டு மிதிக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? அதுதான் மாஸ்டருடைய பலம். வெள்ளைச் சீருடை, இடுப்பில் கறுப்பு பெல்ட், "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று தேனொழுகும் பேச்சு. பிள்ளைகளைச் சேர்க்க வரும் அம்மாக்கள் அந்தச் சிரிப்பில் சொக்கிப்போவார்கள். மாடியில் பயிற்சிக்கூடம், கீழே வீடு. மேலே அடியிலிருந்து தப்பிப்பது எப்படி என்று பாடம் நடக்கும். கீழே நடப்பது வேறு.

அவர் மனைவியை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கூடத்து வெப்சைட் அவள் கைக்கு வந்ததே ஓர் அடியால்தான். அதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்த சைட்காரர், முகப்பில் மாஸ்டரின் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் குற்றம். மாடிப்படியில் வைத்துக் கன்னத்தில் பளாரென்று விட்டார் மாஸ்டர். மூக்குக்கண்ணாடி எகிறிப் படியில் உருண்டது. பொறுக்கிக் கொடுத்தவள் மாஸ்டரம்மா.

"இனிமே நீங்களே பாத்துக்குங்கம்மா," என்றார் சைட்காரர், உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி. நல்ல மனுஷர், அந்த நிலையிலும் பாஸ்வேர்டைச் சொல்லி, ஃபைல்களை அனுப்பும் எஃப்.டி.பி. புரோகிராமைத் திறந்து காட்டினார். "இடது பக்கம் தெரியிறது உங்க வீட்டுக் கம்ப்யூட்டர். வலது பக்கம் சர்வர், அது எங்கேயோ தூரத்துல இருக்கு. இங்கேருந்து அங்க இழுத்துப் போட்டாத்தான் சைட்டுல வரும். அதே பேர்ல போட்டீங்கன்னா பழசு போயிடும். திரும்ப வராது."

மாஸ்டருக்கு இந்த இடது வலது எதுவும் தெரியாது. வருகிறவர்களிடம் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையைத் தட்டி, "நம்ம வெப்சைட்டு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு" என்று பெருமையடிப்பார். அவள் திருத்தவில்லை. திருத்திவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவள் கற்றுக்கொண்டதெல்லாம் அடி வாங்கித்தான். போட்டியில் பதக்கம் வாங்கிய படங்களை ஏற்றியபோது, அனுப்பும் முறை 'டெக்ஸ்ட்' என்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை. எழுத்துக்கான முறையில் போன படங்கள் அங்கே சேரும்போது சிதைந்துபோயின. மாஸ்டரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பட்டைகள். பயிற்சிக் கம்பை எடுத்தார். முதுகு, தோள், தொடை. துணிக்குள் மறைகிற இடமாகப் பார்த்துப் பார்த்து விழுந்தது. வித்தை தெரிந்த பாவி! மூச்சுகூட வாங்கவில்லை. "என் மூஞ்சியவா அசிங்கம் பண்றே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மகள் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாற்காலியில் முதுகு சாய்க்க முடியாமல் உட்கார்ந்து, படங்களுக்கான 'பைனரி' முறையைத் தேர்ந்தெடுத்து, அத்தனையும் மறுபடி ஏற்றினாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அதன்பிறகு அனுப்பிய எதையும் திறந்து பார்க்காமல் அவள் விட்டதில்லை.

ஒருமுறை போலீஸுக்கும் போனாள். காயங்களைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். கிளம்புவதற்குள் அவர் மோப்பம் பிடித்துவிட்டார். போனைக் கதவிடுக்கில் வைத்து நொறுக்கினார். வெறுங்கையோடு போய்த் தழும்புகளைக் காட்டினாள்.

"மாஸ்டரா? என் பொண்ணே அங்கதாம்மா கத்துக்கிறா," என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "மேல வகுப்புல பட்டதுன்னு சொல்லிடுவாரே. வேற ஆதாரம் இருக்கா?"

இல்லை. அன்று வீட்டில் விழுந்த உதையில் விலா எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்தது. அதைவிட வலித்தது அவர் சொன்னது. "இன்னொரு தடவ போய்ப் பாரு. அடி உனக்கில்லடி, உன் மகளுக்கு."

அன்றைக்குத்தான் அவள் பயப்படுவதை விட்டுவிட்டுக் கோபப்பட ஆரம்பித்தாள். வகுப்புகளைப் படமெடுக்க அவரே வாங்கி வைத்த கேமரா இருந்தது. வலது பக்கத்தில், சர்வரில், 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் திறந்தாள். சைட்டின் எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி கிடையாது. முழு முகவரியும் தெரிந்தவர் அடித்தால்தான் திறக்கும். அடி விழும், கண்ணாடி முன் நின்று படமெடுப்பாள், பைனரியில் அனுப்புவாள், திறந்து பார்ப்பாள், பிறகு கேமராவிலும் இடது பக்கத்திலும் அழித்துவிடுவாள். கன்றிப்போன தொடை, கிழிந்த காது, முடி பிடுங்கிய மண்டை. எல்லாம் அவருடைய வெப்சைட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. சேர்ந்த தேதியைச் சர்வரே பக்கத்தில் குறித்துக்கொண்டது. முகப்பில் மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் துண்டு கேட்டுக் கூப்பிட்டாள் என்று, இடது பக்கத்தில் ஒரு படத்தை அழிக்காமல் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்தபோது மாஸ்டர் நின்றிருந்தார். திரை முழுக்க அவள் முதுகு.

"ஓஹோ, எனக்கே படம் காட்டுறியா?"

கம்பு வந்தது. தடுக்கத் தூக்கிய வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் உதறிய உதறலில் குழந்தை சுவரில் மோதி விழுந்தது. நெற்றி பிளந்து ரத்தம்.

இனிமேல் என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது? அவன். அவன் கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் பாய்ந்தான். தகடு நசுங்கும்வரை அடித்தான். உள்ளே இருந்ததைக் குடலைப் போல உருவிப் போட்டு மிதித்தான். திரையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். "இப்ப எங்கடி உன் ஆதாரம்? எங்க?" என்று கத்தினான். அவன் அதைக் கொன்றுகொண்டிருந்தபோது அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள்.

அதே ஸ்டேஷன், அதே இன்ஸ்பெக்டர். அவனும் பின்னாலேயே வந்துவிட்டான், முகம் கழுவி, தலை வாரி. "கொஞ்ச நாளா இவளுக்கு மனசு சரியில்ல மேடம். குழந்தையப் பிடிச்சுத் தள்ளிட்டு, தானும் விழுந்துட்டா. நான் கூட்டிட்டுப் போறேன்." அடேயப்பா, என்ன நடிப்பு!

இன்ஸ்பெக்டர் குழந்தையின் நெற்றியைப் பார்த்தார். தயங்கினார். "இப்பவாவது ஆதாரம் ஏதாச்சும் இருக்காம்மா?"

"உங்க கம்ப்யூட்டரக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க மேடம்."

முறிந்த கையை மடியில் கிடத்திக்கொண்டு, இடது கையால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். பயிற்சிக்கூடத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு 'பழசு'. இது திறக்காவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஆளோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

திறந்தது. படங்கள் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இன்ஸ்பெக்டர் உருட்டிக்கொண்டே போனார். பாதியில் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தான். சிரிப்பைக் காணோம். "அதெப்படி... அந்தக் கம்ப்யூட்டரத்தான் காலையில அடிச்சு நொறுக்கிட்டேனே! எல்லாம் அதுலதானே இருந்துச்சு!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பினார். "எல்லாம்னா எது மாஸ்டர்?"

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற காவலரைப் பார்த்து, "இவர உள்ள உக்கார வைங்க," என்றார்.

மகள் அம்மாவின் சேலையை இழுத்தாள். "அப்பாகூட வீட்டுக்குப் போகணுமாம்மா?"

"வேண்டாம்டா," என்றாள் மாஸ்டரம்மா. "போக வேண்டாம்."