ஆணியும் அட்டையும்

கட்டிய பெண்டாட்டியைப் புகழ்கிறவனை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். ஜோதிகாவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப்போகிறான்?

பூந்தமல்லியில் ஏகாம்பரம் அண்ணனின் தண்ணீர் லாரி ஆபீசில் லாரிகளை அனுப்புகிறவள் அவள். மொத்தம் எட்டு லாரி. அதில் ஒன்றை ஓட்டுகிறவன் ஆனந்தனாகிய நான். ஆக, வீட்டிலும் வேலையிலும் அவள் சொல்கிற இடத்துக்குத்தான் போகிறேன். நூம்பலில் அவள் அம்மா கூலிக்குக் களை பறித்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்த மாடிகளுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முடிவு செய்கிறவள் இவள். நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிரும்.

பத்து வருடம் அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. சுவரில் ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆணிகள், வீட்டுக்கு ஓர் அட்டை. போன் வந்தால் அந்த வீட்டு அட்டையை மாட்டுவாள். ஒரே ஏரியா வீடுகளை ஒன்றாகச் சேர்க்க அட்டைகளை இடம் மாற்றி மாட்டுவாள். லாரி கிளம்பும்போது அட்டையையே டிரைவர் கையில் கொடுத்துவிடுவாள். மூன்றாவது ஆணி, நாலாவது ஆணி என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அந்தப் பத்து வருடத்தில் ஒரு லாரிகூட வீடு மாறிப் போகவில்லை.

போன தை மாதம் கம்ப்யூட்டர் வந்தது. ஜனங்கள் தங்கள் போனிலேயே தண்ணீர் கேட்பார்கள். அது அவள் திரையில் ஒரு வரியாக வந்து விழும். மேலே 'ஏரியா' என்ற தலைப்பைத் தட்டினால் ஊர்வாரியாக வரிசை மாறும். வரியின் ஓரத்தில் 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் முகவரி டிரைவரின் போனுக்கு வந்துவிடும்.

இரண்டாவது வாரமே தலைவலி தொடங்கியது. அவள் ஒரு வீட்டுக்கு அழுத்துவாள், எங்களுக்கு வேறொரு வீட்டு முகவரி வரும். ஒரு காலை முகப்பேரில் கல்யாண வீடு தண்ணீருக்குக் காத்திருக்க, நான் ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டி ஒன்றின் மேல் குழாயோடு நின்றேன். பிறகு ஓடிப்போனபோது பெண்ணின் அப்பா, "யாருய்யா உங்கள அனுப்புறது?" என்று கத்தினார். "ஆபீஸ்ல ஒரு பொம்பளங்க" என்றேன். என் மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் அன்றே சொல்லிவிட்டார். "இன்னாம்மா, கண்ணு எங்க கீது? இன்னொரு லாரி மாறிச்சுன்னா திங்கக்கெழம வேற ஆள ஒக்கார வச்சிருவேன்."

திரையைச் செய்துகொடுத்த விஷால் முகப்பேர்க்காரர், பொறுமையான பையன். ஒரு மதியம் வந்து இருபது தடவை அழுத்திப் பார்த்தார். இருபதும் சரியாகப் போயிற்று. "அக்கா, சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. அவசரத்துல பக்கத்து வரிய அழுத்திருப்பீங்க" என்றார்.

வீட்டில் நானும் என் பங்குக்கு, "எங்கியோ பராக்கு பாத்துகினு அமுக்கியிருப்ப" என்றேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அன்று ரசத்தில் உப்பு மட்டும் இல்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தவறையும் மணியோடு குறித்துவைத்தாள். எல்லாம் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், புது வரிகள் மளமளவென்று விழுகிற நேரத்தில் நடந்தவை. விஷால் பார்த்ததோ மதியம், ஒருவரும் தண்ணீர் கேட்காத வேளை.

சனிக்கிழமை மதியம் விஷாலையும் அண்ணனையும் திரைமுன் உட்கார வைத்தாள். என்னிடம், "நீ வாசல்ல நில்லு. நான் கைய தூக்கனா நம்ம ஊட்டுக்கு ஒரு லாரி கேளு" என்றாள். கேள்வி கேட்காமல் நின்றேன்.

ஏரியாவைத் தட்டினாள். மூன்றாவது வரியில் நூம்பல் கோமளா, நாலாவதில் பூந்தமல்லி மனோகரன். கையைத் தூக்கினாள். நான் போனை அழுத்தியதும் நூம்பலிலேயே இருக்கும் எங்கள் வீடு மூன்றாவது வரியில் வந்து உட்கார்ந்தது, கோமளா நாலாவதுக்கு இறங்கினார். எல்லாரும் பார்க்க, கோமளாவின் 'அனுப்பு'வை என் லாரிக்கு அழுத்தினாள். என் போன் ஒலித்தது.

"மனோகரன், பூந்தமல்லி" என்று வாசலிலிருந்தே படித்தேன்.

அண்ணன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். விஷால் என்னை மறுபடி கேட்கச் சொல்லித் தானே அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அடுத்த வீடு வந்தது.

ஜோதிகா மேசை இழுப்பறையிலிருந்து கோமளாவின் பழைய அட்டையை எடுத்து, பலகையில் மூன்றாவது ஆணியில் மாட்டினாள். பிறகு நாலாவதுக்கு மாற்றினாள். "அட்ட நவுந்துடுச்சு தம்பி. உங்க மிஷினு பழைய ஆணிக் கணக்கையே மனசுல வச்சிகினு கீது. நாலாவது ஆணியில யாருன்னு கேட்டா அது மனோகரன்னுதான் சொல்லும். ஆணிய கேக்காதீங்க, அட்டைய கேளுங்க."

விஷால் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஒவ்வொரு புக்கிங்குக்கும் தனி நம்பர் இருக்கு அக்கா. பொத்தான் அந்த நம்பரத்தான் அனுப்பணும். நான் வரி எத்தனாவதுங்கிறத அனுப்ப வச்சிட்டேன். தப்பு என்னோடது" என்றார். நல்ல பிள்ளை, மழுப்பவில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் ஜோதிகாவேதான் உட்கார்ந்தாள். ஏழரை மணி, வரிகள் கொட்டுகிற நேரம். என் போனில் 'கோமளா, நூம்பல்' என்று வந்தது. போனேன். அந்த அம்மா கேட்டைத் திறந்துகொண்டே, "ரெண்டு வாரமா எங்க தண்ணி ஊரெல்லாம் சுத்துச்சு, இன்னைக்கு சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சே. யாருப்பா உங்கள அனுப்புறது?" என்றார்.

"என் பொண்டாட்டிம்மா" என்றேன்.