பவுனு அண்ணி ஏறிய மலை

செய்தி வந்தபோது நான் திருநின்றவூர் வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அண்ணனோடு கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்யும் கோவிந்தன் வாசலில் வந்து நின்றார். ஆரம்பாக்கத்தில் முதல் வண்டியைப் பிடித்து, சென்னையில் வண்டி மாறி வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணி தவறிட்டாங்கம்மா. விடிகாலையில. மஞ்சக்காமாலை முத்திப் போச்சு. சீக்கிரம் கெளம்பு, மத்தியானத்துக்கு மேல வச்சிக்கினு இருக்க மாட்டாங்க" என்றார்.

கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். பிறகு அதையே எடுத்து மறுபடியும் பிழிந்தேன். வண்டியில் இடம் இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே போனேன். பொன்னேரி தாண்டியதும் வண்டி நகரவேயில்லை என்று தோன்றியது. பக்கத்திலிருந்த அம்மாள், "ஏம்மா இப்படித் தவிக்கிறே?" என்று கேட்டார்.

பவுனம்மாள் என் அண்ணன் முனுசாமியின் மனைவி. முப்பத்தாறு வயதில் போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் முதலில் சொல்கிறேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர் அவர். சோற்றைக்கூட நின்றபடியேதான் சாப்பிடுவார்.

நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர்கள். அண்ணியும் அந்தப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர்தான். பதினைந்து வயதிலிருந்தே மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். அறுபதுகளின் நடுவில் கல்யாணம். சில வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வந்தன. அண்ணன் வலையை விட்டுவிட்டு இரும்பு ஆலைக்குப் போனார். ஆரம்பாக்கத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு வாடகை வீடு. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளை செல்வம், நான். மீன் கூடை இல்லை, போக வேண்டிய ஊர் இல்லை. அண்ணி அந்த வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்தார். வைத்த பாத்திரத்தை இடம் மாற்றி மாற்றி வைத்தார். எனக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் அவருக்கும் அந்த நாளில் ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆரம்பாக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் கம்பாக்கம் மலை தெரியும். ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம், நீளமாக, காலையில் சாம்பல் நிறத்திலும் சாயங்காலம் கறுப்பாகவும். தட்டையான தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த அண்ணிக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம், "அந்த மலைக்கு யார்னா போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நாலு தலைமுறையாக நெல் விளைவிக்கும் குடும்பம் அது. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அங்க இன்னாம்மா கீது? மழ வருமா வராதான்னு பாக்குறதுக்குத்தான் மல. ஏறுறதுக்கா?"

அண்ணி விடவில்லை. ஆலையில் வேலை செய்யும் தெலுங்குக்காரர்களிடம் விசாரித்து வரும்படி அண்ணனை நச்சரித்தார். மலைக்குள்ளே ஓடை இருக்கிறது, ஓடையோடு நடந்தால் அருவி, அதற்கு மேலே இன்னொரு பெரிய அருவி என்று தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. ஆறு நாள் நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வரும் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். கடைசியில் ஒரு தை மாதத்து ஞாயிறு, "சரி, வந்து தொலைக்கிறேன்" என்றார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நாங்கள் நாலு பேரும் தடாவில் வண்டியை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தோம். புளிச்சோறும் வறுத்த இறாலும் தூக்கில். அப்போது எனக்கு இருபது வயது, செல்வத்துக்கு ஆறு. ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எத்தனை தடவை கடந்தோமோ தெரியாது. பாறைகள் யானை யானையாகக் கிடந்தன. அண்ணி முன்னால், நாங்கள் பின்னால். "இன்னும் கொஞ்சந்தான்" என்று திரும்பித் திரும்பிச் சொல்வார். எவ்வளவு தூரம் என்று அவருக்கே தெரியாது!

கீழ் அருவியை அடைந்ததும் அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் பாறை மேல் துண்டை விரித்துப் படுத்தார். படுத்ததும் தூங்கிப் போனார். அண்ணி நின்றுகொண்டே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மேலே காது கொடுத்தார்.

"சத்தம் கேக்குதா? அதான் பெரிய அருவி. நான் முன்னால போயி வழி பாக்குறேன். லச்சுமி, புள்ளைய இட்டுக்கினு மெதுவா வா."

நான் செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. அண்ணியைக் கூப்பிட்டேன், அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய சிவப்புப் புடவை மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டேயிருந்தது. ஆத்திரம் வந்துவிட்டது எனக்கு. 'இவளுக்கு மலை வேண்டும் என்றால் நான் ஏன் கால் நோக நடக்கணும்' என்று நினைத்தேன். அண்ணியை அன்று மனதுக்குள் 'இவள்' என்றுதான் சொன்னேன். பிள்ளையிடம், "அதோ அம்மா போறாங்க பாரு, ஓடு" என்று சொல்லிக் கையை விட்டுவிட்டேன். அவன் ஓடினான். நான் திரும்பி வந்து ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அரைமணி நேரம் இருக்கும். அண்ணி தனியாக இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "லச்சுமி, இன்னா உயரம் தெரியுமா..." என்று ஆரம்பித்தவர், என் பக்கத்தில் பார்த்தார்.

"செல்வம் எங்க?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் எழுந்தார். பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் அண்ணியைக் கன்னத்தில் அறைந்தார். "புள்ளைய உட்டுட்டு இன்னாடி பாக்கப் போன?"

அண்ணி என்னை ஒரு தடவை பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று நான் காத்து நின்றேன்.

"ஆமா, நாந்தான் உட்டுட்டேன். அப்புறம் அடிச்சிக்கோ. மொதல்ல தேடு" என்றார்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பாறை மேல் ஏறினார். ஏரியில் தூரத்துப் படகைக் கூப்பிட எங்கள் பெண்கள் ஒரு குரல் கொடுப்பார்கள். வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து. அந்தக் குரலை அவர் அந்த மலைக்குள் கொடுத்தார். கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதில் இல்லாவிட்டால் அடுத்த பாறை. வெயில் மலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். ஒவ்வொரு மடுவையும் எட்டிப் பார்க்கும்போது என் உயிர் போய்ப் போய் வந்தது.

எத்தனையாவது குரலுக்கோ, பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரு ஆண் குரல் பதில் கொடுத்தது. ஆடு மேய்க்கும் தெலுங்குக் கிழவர் ஒருவர். அவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்வம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் சிராய்ப்பு. வாயில் இலந்தைப்பழம். எங்களைப் பார்த்ததும்தான் அவனுக்கு அழுகை வந்தது. "ஏடவக்கு நைனா, மீ அம்மா ஒச்சிந்தி" என்று கிழவர் அவன் முதுகைத் தட்டினார். அழாதே, உன் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அண்ணி பிள்ளையின் கால், கை, தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். கிழவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அழவில்லை. திரும்பும் வண்டியில் செல்வம் அரைத்தூக்கத்தில், "அத்ததான் ஓடுன்னு சொன்னாங்க" என்றான். அண்ணி உடனே அவன் தலையை மடியில் அழுத்தி, "தூக்கத்துல உளர்றான்" என்றார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை துணி துவைக்கும் கல்லருகே அவரிடம் போனேன். "அண்ணி, நானே சொல்லிடறேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழம உன்னப் பொண்ணு பாக்க வராங்க. இப்பப் போயி இன்னாத்த சொல்லப் போற? உங்கம்மா வாயி சும்மா இருக்குமா? ஊரு பூரா போவும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இன்னா? கட்டிக்கினு வந்தாச்சு. இனிமே யாரு இன்னா பண்ணிடுவாங்க?" துணியை ஓங்கி அடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உன் மேல கோவம் இல்லன்னு மட்டும் நெனச்சிக்காத. கோவம் இருக்குது. அது உனக்கும் எனக்கும் நடுவுலயே இருக்கட்டும்."

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருநின்றவூர் போனேன். ஆரம்பாக்கத்தில் அண்ணிக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: 'புள்ளைய மலையில உட்டவ'. அம்மா அவரோடு செல்வத்தைக் கடைக்குக்கூட அனுப்ப மாட்டார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு காதில் விழும். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். சில தடவை வந்த அன்றே திரும்பிவிடுவேன். அங்கே என்னால் ஒரு பொழுது நிலையாக உட்கார முடிந்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணனே ஒரு நாள், "வர்ற ஞாயித்துக்கிழம மலைக்குப் போலாமா?" என்று கேட்டாராம். "யாரு?" என்று அண்ணி கேட்டாராம். "எல்லாருந்தான். லச்சுமிக்கும் சொல்லியனுப்பு."

போனோம். வழுக்குப் பாறைகளில் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் அண்ணியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பார்க்காத காரியம் அது. பெரிய அருவியின் கீழே அண்ணி தலை நனைய நின்றார். நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்து, "இதுக்கும் மேல இன்னா இருக்குது?" என்று கேட்டார்.

"வானந்தான்" என்றார் அண்ணன்.

"இல்லங்க, தண்ணி எங்கேர்ந்தோ வருது இல்ல?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி என் கையில் சோற்று உருண்டையை வைத்து, "சாப்புடு" என்றார். சாப்பிட்டேன். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் போனார்கள். போன தையில்கூடப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாக ஆரம்பித்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் வந்திருந்தது. பந்திக்குப் பிறகு பெரியம்மா ஒருவர், "நல்ல பொம்பளதான். இன்னா, பெத்த புள்ளைய மலையில உட்டுட்டுப் போனா, அது ஒண்ணுதான்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "அண்ணி விடல. நான் விட்டேன்" என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். உட்காராமலே சொல்லி முடித்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் எழுந்து வெளியே போனார்.

பின்னாலேயே போனேன். வரப்பு ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "வண்டியிலயே புள்ள சொன்னானே. அடிச்ச கைய வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு தெரியாமதான் மலைக்கு இட்டுக்கினு போனேன்."

"தப்புன்னு அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. நீ?"

நானும் இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அண்ணன், "அவளப் பத்தி எழுது. நான் அடிச்சதையும் சேத்து எழுது" என்றார்.

எழுதிவிட்டேன் அண்ணி. நான் செய்தது தப்பு. அண்ணன் செய்ததும் தப்பு. நீங்கள் இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாமல் போயிற்று. மன்னித்தேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். கோபமும் உங்களோடு இருக்கட்டும். செல்வத்துக்கு இப்போது பதின்மூன்று வயது. வரும் ஞாயிற்றுக்கிழமை பெரிய அருவிக்கு மேலே வழி இருக்கிறதா என்று பார்த்து வரப் போகிறானாம். நானும் கூடப் போகிறேன். போய் வாருங்கள், அண்ணி.